எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு எழுதி வைங்க பாஸ்!

நண்பனின் ரூமுக்குப் போகிறீர்கள். "மச்சி, அந்த ஃபேனைப் போடுடா" என்கிறான். கதவோரம் வரிசையாக எட்டு ஸ்விட்ச். முதலாவதைத் தட்டினால் ட்யூப்லைட் எரிகிறது. இரண்டாவதைத் தட்டினால் பாத்ரூமில் வெளிச்சம். மூன்றாவது எதற்கு என்று வீட்டு ஓனருக்கே தெரியாது. "அது இல்லடா, அதுக்குக் கீழ... இன்னும் லெஃப்ட்ல..." என்று அவன் கட்டிலில் படுத்தபடியே டைரக்‌ஷன் கொடுக்க, ஐந்தாவது முயற்சியில் ஒருவழியாக ஃபேன் சுற்றுகிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை. கொஞ்சம் வியர்த்திருக்கும், அவ்வளவுதான்.

அதே குழப்பம் ஐந்நூறு அடி உயரத்தில், ஒரு குட்டி விமானத்துக்குள் வந்தால்? உலகமே கேட்டு ரசித்த ஒரு பாடகரின் உயிர் போனதில் அந்தக் குழப்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம். அதற்கு முன்னால், சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் கார் ஷெட்டுக்கு ஒரு விசிட் அடிக்கலாம் வாங்க!

கார் ஷெட்டுக்குள் ஒரு ஏரோப்ளேன்

நாம் மொட்டை மாடியில் காற்றாடி விடுகிற மாதிரி, அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை விமானம் கட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. டாக்டர், மெக்கானிக், வாத்தியார், ரிட்டயர்டு தாத்தா என்று எல்லா ரகமும் அதில் அடக்கம். 1953-ல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரத்தில் இவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர் இ.ஏ.ஏ. ஒவ்வொரு வருடமும் ஜூலைக் கடைசியில் ஆஷ்காஷ் என்ற ஊரில் இவர்கள் நடத்துகிற திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்கும். நம்ம ஊர் மாட்டுச் சந்தை மாதிரி, விமானச் சந்தை!

அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. இதற்கு ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறது. விமானத்தைக் கட்டுகிற வேலையில் பாதிக்கு மேல், பொழுதுபோக்குக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ செய்கிற தனி ஆட்கள் செய்திருக்க வேண்டும். '51 பர்சென்ட் ரூல்' என்று செல்லமாகச் சொல்வார்கள். மீதியை ரெடிமேட் கிட்டாக வாங்கிக்கொள்ளலாம். ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் கம்பெனியின் கிட்டை வைத்துக் கட்டிப் பறந்த விமானங்கள் மட்டுமே 11,000-க்கும் மேல்.

கட்டி முடித்ததும் கதவுப் பக்கத்தில் 'எக்ஸ்பெரிமென்ட்டல்' என்று பெரிதாக எழுத வேண்டும். எழுத்தின் உயரம் குறைந்தது 2 இன்ச். உள்ளே ஏறுகிறவர் கண்ணில் படும்படி, 'இது வீட்டில் கட்டிய விமானம். வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது இல்லை' என்ற எச்சரிக்கையும் ஒட்ட வேண்டும். படித்துவிட்டு இறங்கி ஓடுகிறவர் ஓடலாம்!

ஆக, இந்த விமானத்தின் முதல் லேபிளே சட்டம் போட்டது. ஆனால் உள்ளே எந்த ஸ்விட்ச் எங்கே வரும், எந்த ஒயர் எந்த வழியில் ஓடும், எது மேல் என்ன எழுத்து இருக்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் கட்டுகிறவரே முடிவு செய்கிறார். ஜாலியும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான்.

முதலில் அட்டை, அப்புறம்தான் அலுமினியம்

இறக்கை, வால், எஞ்சின் எல்லாம் ஓரளவு முடிந்தபின் வருகிற வேலை இன்ஸ்ட்ருமென்ட் பேனல். பைலட்டின் முகத்துக்கு நேராக இருக்கும் டேஷ்போர்டு. பழைய ஸ்டைல் என்றால் ஆறு வட்ட மீட்டர்கள். வேகம், உயரம், விமானம் சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, எந்தத் திசை, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா... இந்த ஆறும். இப்போதெல்லாம் டைனான், கார்மின் கம்பெனிகளின் ஒரே ஸ்கிரீனில் ஆறும் அடங்கிவிடுகிறது.

அனுபவசாலிகள் அலுமினியத் தகட்டில் உடனே ஓட்டை போடுவது இல்லை. அதே அளவில் அட்டை வெட்டி, மீட்டர்களின் படத்தைக் காகிதத்தில் வரைந்து ஒட்டி, விமானத்துக்குள் மாட்டிவிடுகிறார்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயாலேயே 'டுர்ர்ர்ர்' என்று எஞ்சின் ஓட்டுகிறார்கள். வீட்டுக்காரம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் விஷயம் சீரியஸ். பெல்ட் போட்ட நிலையில் அந்த ஸ்விட்ச் வரைக்கும் கை எட்டுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு தொட முடிகிறதா? வலது கையில் ஸ்டிக்கைப் பிடித்திருக்கும்போது இடது கையால் எதையெல்லாம் தொடலாம்? அட்டையில் தப்பு செய்தால் பத்து ரூபாய் நஷ்டம். ஆகாயத்தில் தப்பு செய்தால்?

ஒயருக்கும் ஒரு ஜாதகம் உண்டு

பேனலின் முன்பக்கம் அழகுராணிப் போட்டி என்றால், பின்பக்கம் இடியாப்பம். அந்த இடியாப்பத்தை ஒழுங்குபடுத்துவதில்தான் இருக்கிறது நிஜமான இன்ஜினீயரிங்.

முதலில் ஒயர். வீட்டு ஒயரில் மேலுறை பி.வி.சி. அது எரிந்தால் மூச்சை அடைக்கிற நச்சுப்புகை வரும். வீட்டில் என்றால் வெளியே ஓடலாம். அங்கே? அதனால் விமானத்தில் 'டெஃப்செல்' என்ற உறை போட்ட ஒயர். 150 டிகிரி சென்டிகிரேடு வரை தாங்கும். உள்ளே ஒற்றைக் கம்பி கிடையாது. மெல்லிய ஒயரிலேயே 19 இழைகள். எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருப்பதால் ஒற்றைக் கம்பி சீக்கிரம் களைத்து ஒடிந்துவிடும்.

ஒயரின் முனையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட, லக் மாட்டி அழுத்துகிற கிரிம்பிங்தான் அங்கே அதிகம். காரணம் இதுதான். உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் ஏறி உறைந்துவிடும். அந்த இடம் மட்டும் குச்சி மாதிரி விறைப்பு. அதற்கு அடுத்த மில்லிமீட்டர் நூல் மாதிரி தளர்வு. அதிர்ச்சி எல்லாம் அந்த எல்லையில் போய் முட்டும். ஒடிவதும் அங்கேதான். சரியான கருவியால் அழுத்தி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஒயர்.

அப்புறம் ஃப்யூஸ். நம்மில் பலர் நினைத்திருப்பது, ரேடியோ கெட்டுப்போகாமல் இருக்கத்தான் ரேடியோவுக்கு ஃப்யூஸ் என்று. இல்லை பாஸ்! ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. 22 கேஜ் ஒயருக்கு 5 ஆம்பியர், 18 கேஜுக்கு 10 ஆம்பியர் என்று ஒயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃப்யூஸ். (கேஜ் நம்பர் கூடினால் ஒயர் மெலிசு என்பதை ஞாபகம் வையுங்கள்.) எங்கேயாவது ஷார்ட் ஆனால் ஒயர் பழுக்கக் காய்வதற்குள் ஃப்யூஸ் உயிர்த்தியாகம் செய்துவிட வேண்டும். நம்ம ஊரில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று இரண்டு இழை கூடச் சேர்த்து முறுக்கிப் போடுவார்களே, அந்த வேலையை அங்கே செய்தால், அடுத்து ஃப்யூஸாக மாறப்போவது பேனலுக்குப் பின்னால் ஓடுகிற ஒயரேதான்.

பிளஸ்-டூ பிசிக்ஸில் படித்த ஆர்ஸ்டெட் ஞாபகம் இருக்கிறதா? மின்சாரம் ஓடும் கம்பியின் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்று 1820-ல் கண்டுபிடித்தவர். அவர் இங்கேயும் வருகிறார். விமானத்தின் காம்பஸுக்குப் பக்கத்தில் விளக்கு ஒயரை ஓடவிட்டால், லைட் போட்டதும் வடக்கு நகர்ந்துவிடும்! அதனால் ஒயரைத் தள்ளிக் கொண்டுபோவார்கள். முடியாவிட்டால் போகிற ஒயரையும் திரும்பி வருகிற ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவார்கள். ஒன்றின் காந்தப்புலத்தை இன்னொன்று சரிக்கட்டிவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இப்படி ஒரு நாள் வேலைக்கு வரும் என்று யார் கண்டது!

இத்தனையும் முடிந்தபின் ஒவ்வொரு ஒயருக்கும் பெயர் சூட்டு விழா. உதாரணமாக 'எல் 5 ஏ 20' என்று ஸ்லீவில் அச்சடித்து மாட்டுவார்கள். 'எல்' என்றால் லைட்டிங். 5 அந்த ஒயரின் நம்பர். 'ஏ' அதன் முதல் துண்டு. 20 அதன் கேஜ். வெறும் அஞ்சு எழுத்தில் ஒயரின் முழு ஜாதகம்! இந்தப் பெயர் இரண்டு முனைகளிலும் இருக்க வேண்டும். முனையிலிருந்து 3 இன்ச்சுக்குள் ஒன்று, நடுவில் 15 இன்ச்சுக்கு ஒருமுறை என்று எஃப்.ஏ.ஏ.வின் கையேடு வழிகாட்டுகிறது. 'நான்தானே மாட்டினேன், எனக்குத் தெரியாதா?' என்று விடுகிறவர்கள் உண்டு. ஆனால் மூன்று வருடம் கழித்து ஒரு ராத்திரி டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது, இருநூறு வெள்ளை ஒயர்களில் எது எது என்று எந்த மூளையும் ஞாபகம் வைத்திருக்காது.

சிவப்பு எழுத்து காணாமல் போகும்!

பின்பக்கம் முடிந்தது. இனி முன்பக்கத்தில் எழுத்து.

வேக மீட்டரில் பார்த்தால் வண்ண வண்ண வளைவுகள். வெள்ளை என்றால் ஃப்ளாப்பை இறக்கிப் பறக்கலாம். பச்சை வழக்கமான வேகம். மஞ்சள் என்றால் காற்று அமைதியாக இருந்தால் மட்டும். சிவப்புக் கோடு வந்தால் அதைத் தாண்டவே கூடாது. ஒரு எழுத்துகூட இல்லாமல் ஒரு புத்தகமே எழுதியாகிவிட்டது. கைப்பிடிகளும் அப்படித்தான். வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் கறுப்பு, பெட்ரோலும் காற்றும் கலக்கிற விகிதத்தை மாற்றும் கைப்பிடி சிவப்பு, ப்ரொப்பெல்லருக்கு நீலம்.

இந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையில் திடீரென்று வயிற்றால் படுத்துக்கொண்டன. எஞ்சினில் கோளாறு இல்லை. பைலட்டுகள் ஃப்ளாப்பை ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற சைக்காலஜிஸ்ட் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இரண்டு கண்ட்ரோலும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கரத்தின் கண்ட்ரோலில் குட்டி ரப்பர் சக்கரம், ஃப்ளாப்பின் கண்ட்ரோலில் ஆப்பு மாதிரி ஒரு கட்டை... இரண்டை மாட்டினார். இருட்டிலும் விரலே படித்துவிடும்! பைலட் முட்டாள் இல்லை, பேனல்தான் முட்டாள் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஷெட்டில் கட்டுகிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் லேபிள் மெஷினைக் கையில் எடுக்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லது. ராத்திரி காக்பிட்டில் சிவப்பு விளக்கு போட்டால், வெள்ளைப் பின்னணியில் எழுதிய சிவப்பு எழுத்து அப்படியே மாயமாகிவிடும். 'ஆபத்து' என்று சிவப்பில் எழுதியது ஆபத்து நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது! லேபிளை ஸ்விட்சுக்குக் கீழே ஒட்டினால், ஸ்விட்சைத் தொடும் கையே எழுத்தை மறைத்துவிடும். அதனால் மேலே. அதேபோல ஸ்விட்சின் திசை. நம்ம வீட்டில் ஸ்விட்ச் கீழே போனால் ஆன். அமெரிக்காவில் மேலே போனால் ஆன். விமானத்திலும் மேலேதான். சின்ன வயதிலிருந்து கீழே தட்டிப் பழகிய நம்ம கை அங்கே போய் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல்முறை பறப்பதற்கு முன் பரிசோதிக்க வருகிற இன்ஸ்பெக்டர் இறக்கையை மட்டும் பார்ப்பது இல்லை. கண்ட்ரோல்கள் கைக்கு எட்டுகின்றனவா, பெயர்கள் தெளிவாக இருக்கின்றனவா என்பதும் அவர் லிஸ்ட்டில் உண்டு. இவ்வளவு கறார் எதற்கு? இப்போது அந்தப் பாடகரின் கதைக்கு வருவோம்.

ஒரு கைப்பிடி... ஒரு பாடகன்...

ஜான் டென்வர். 'கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டுக்குச் சொந்தக்காரர். எந்தக் காலேஜ் கல்ச்சுரல்ஸிலும் யாராவது ஒரு பையன் கிடாரோடு அதைப் பாடாமல் விடமாட்டான். டென்வருக்குப் பாட்டுக்கு அடுத்த காதல் விமானம். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் அவருக்கு.

1997 அக்டோபரில் அவர் கைக்கு வந்தது ஒரு லாங்-ஈஸி. பர்ட் ரூட்டன் டிசைன் செய்த இரண்டு சீட் விமானம். எஞ்சின் பின்பக்கம். டெக்ஸஸில் ஒருவர் கட்டியதை டென்வர் வாங்கியிருந்தார். ரூட்டனின் பிளானில், எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றுகிற கைப்பிடி பைலட்டின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை இடம் மாற்றி, பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று அதன்மேல் குறிப்பு எதுவும் இல்லை. பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கண்ணாடி கேஜ்களும் பின்சீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதிலும் அளவுக்கோடுகள் இல்லை. போதாக்குறைக்கு, கைப்பிடி திருப்பச் சிரமப்படும் அளவுக்கு இறுக்கம்.

அக்டோபர் 12. மான்டரே விமான நிலையம். மெக்கானிக்கும் டென்வரும் அந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசினார்கள். பிடிகுறடு ஒன்றை மாட்டி நீளமாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் பெல்ட் போட்டபடி எட்டவில்லை. பின்னால் இருக்கும் கேஜைப் பார்க்க மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தார். வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடது டேங்கில் கால்வாசிக்கும் குறைவு. பெட்ரோல் நிரப்பவா என்றதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றுவிட்டார் டென்வர். டேங்க் மாற்றும்போது ஆட்டோபைலட்டில் போட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் முன்னால், பசிபிக் க்ரோவ் கரையோரம் சில நூறு அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் திடீரென்று கடலில் பாய்ந்தது. டென்வருக்கு வயது 53. இடிபாடுகளுக்குள் அந்தச் சின்னக் கண்ணாடியும் கிடைத்தது.

விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1999-ல் சொன்னது இதுதான். அந்தக் கைப்பிடியைத் தொட பைலட் உடம்பை 90 டிகிரி திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாகவே பெடலை ஊன்றும். விமானம் திசை தவறி, கட்டுப்பாடு போய்விடும். டென்வர் பெட்ரோல் போடாமல் கிளம்பியதையும் வாரியம் விடவில்லை. புது விமானத்தில் அவருக்குப் போதுமான பயிற்சி இல்லை என்பதையும் எழுதியது. கூடவே எழுதிய இரண்டு வரிகள்தான் நமக்கு முக்கியம். எட்டாத இடத்தில் வைத்த, குறிப்பு எழுதப்படாத கைப்பிடி. அளவு எழுதப்படாத கேஜ்.

கட்டியவருக்கு அந்தக் கைப்பிடி பழக்கம். அவர் கைக்குத் தெரியும், அதனால் பெயர் எழுதத் தோன்றியிருக்காது. ஆனால் ஒரு விமானம் கட்டியவரோடு மட்டும் நின்றுவிடுவது இல்லை. லேபிள் என்பது நமக்காக ஒட்டுவது இல்லை பாஸ்! நமக்குப் பிறகு அந்த சீட்டில் உட்காரப்போகிற, நாம் பார்த்தே இராத ஒருவருக்காக ஒட்டுவது. அல்லது நமக்கே... கை நடுங்குகிற, மூளை வேலை செய்யாத அந்த முப்பது விநாடி 'நமக்காக'.

நம்ம ஊர்ல?

இங்கேயும் ஆள் இருக்கிறார். மும்பை கண்டிவலியில் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு சீட் விமானம் கட்டினார் பைலட் அமோல் யாதவ். 2016-ல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதை வைத்தார். 2017-ல் அதற்கு அரசாங்கப் பதிவும் கிடைத்தது.

விமானம் கட்ட மொட்டை மாடி இல்லாதவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும். ட்ரோன், பாஜா கார், ரோபோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்... டெமோ நாளில் எக்ஸ்டெர்னல் எதிரே ஒயர் பிடுங்கிக்கொண்டு, 'எது எங்க இருந்துச்சுடா?' என்று நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்தானே?

ப்ராஜெக்ட்டுக்கு அஞ்சு டிப்ஸ்

* ஒயரிங் படத்தை முதலில் பேப்பரில் போடுங்கள். மாற்றம் செய்தால் அன்றைக்கே படத்திலும் மாற்றுங்கள்.

* ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் பெயர். வெள்ளை டேப்பும் பால்பாயின்ட் பேனாவும் போதும்.

* ஒயரின் தடிமனுக்கு ஏற்ற ஃப்யூஸ் போடுங்கள். அடிக்கடி போனால் காரணத்தைத் தேடுங்கள், பெரிய ஃப்யூஸைத் தேடாதீர்கள்.

* தகட்டில் ஓட்டை வழியாக ஒயர் போனால் ரப்பர் வளையம் மாட்டுங்கள். கூரான விளிம்பு மெதுவாக அறுத்துவிடும்.

* முடித்ததும், ப்ராஜெக்ட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஜூனியரைக் கூப்பிட்டு 'இதை ஆஃப் பண்ணு' என்று சொல்லுங்கள். அவன் கை தயங்கினால், லேபிள் சரியில்லை என்று அர்த்தம்.

அப்புறம்... அடுத்த தடவை அந்த ஃப்ரெண்ட் ரூமுக்குப் போகும்போது கையில் ஒரு மார்க்கர் எடுத்துட்டுப் போங்க. முதல்ல அந்த ஃபேன் ஸ்விட்ச்சுல இருந்து ஆரம்பிங்க!